ஷேடா, ஷேடோவா? தமிழை வைத்தே பிரித்துப் பார்ப்போம்

"மரத்தின் ஷேடோவில் உட்கார்ந்தோம்" என்று எழுதும் மாணவருக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. தமிழில் நிழல் என்ற ஒற்றைச் சொல் பார்க்கும் வேலையை ஆங்கிலம் இரண்டு சொற்களுக்குப் பங்கிட்டிருக்கிறது; அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வெயில் படாத இடமும் அதன் குளிர்ச்சியும் ஷேட். ஒளியை மறிக்கும் பொருளின் உருவம் தரையிலோ சுவரிலோ விழுந்தால் ஷேடோ. பயணிகள் நிழற்குடை தருவது ஷேட். விளக்கொளியில் விரல்களை மடக்கிச் சுவரில் மானும் நாயும் காட்டுகிறோமே, அது ஷேடோ. "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பதில் இருப்பது முன்னது. "நிழல்போலத் தொடர்ந்தான்" என்பதில் பின்னது. ஷேடோவை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். குளிர்ச்சியை எண்ண முடியாது. ஷேட் என்பதை எண்ணத் தொடங்கினால் பொருளே மாறிவிடும்: புடவைக் கடையில் "இதே நீலத்தில் வேறு ஷேட் உண்டா?" என்று கேட்கும் வண்ணச் சாயல் அது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி, பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே சொல் என்பது. நமக்கு மரம் என்பது உருபு ஏற்கும்போது மரத்து என்று திரிகிறது அல்லவா? அப்படி எழுவாய் வடிவத்திலிருந்து ஷேடும், வேற்றுமை வடிவத்திலிருந்து ஷேடோவும் பிறந்தன. பிறகு ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டன.

பிரிங், டேக் இரண்டிலும் தமிழருக்குக் குழப்பமே வரக் கூடாது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியமே வகுத்துவிட்டது. ஆங்கிலமும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடக்கிறது. பேசுபவர் அல்லது கேட்பவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வந்தால் பிரிங். வேறிடத்துக்குக் கொண்டு போனால் டேக். இடறும் இடம் ஒன்று உண்டு. விடைபெறும்போது நாம் "வருகிறேன்" என்கிறோம். வாசலில் நின்று அதையே "ஐ ஆம் கமிங்" என்றால், ஆங்கிலேயர் நாம் உள்ளே வரப்போவதாக நினைத்துக்கொள்வார்.

பாரோ என்றால் கடன் வாங்குவது, லெண்ட் என்றால் கொடுப்பது. வாங்கு, கொடு என்ற வினைகளைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பணம் கைமாறும் இடத்தில்தான் உண்மையான ஆபத்து. வாடகை என்ற சொல்லுக்கு எதிரே ரெண்ட், ஹையர், லீஸ் மூன்றும் நிற்கின்றன. பிரிட்டனில் வீட்டுக்கு ரெண்ட். சில நாள்களுக்கு எடுக்கும் காருக்கு ஹையர். அமெரிக்காவில் அந்தக் காருக்கும் ரெண்ட்தான். அங்கே ஹையர் என்றால் பெரும்பாலும் ஆளை வேலைக்கு எடுப்பது. இந்த இரண்டில் தவறினாலும் நட்டமில்லை.

லீஸ் அப்படியல்ல. நம் ஊரில் பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதை அப்படியே திரும்பப் பெறுவதை லீஸ் என்கிறோம். அதற்கு ஒத்தி, போக்கியம் என்ற பெயர்கள் நம்மிடமே இருக்கின்றன. ஆங்கிலத்தில் லீஸ் என்பது குறித்த காலத்துக்கான குத்தகை ஒப்பந்தம்; வழக்கமாக மாதந்தோறும் வாடகை உண்டு. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலும் மாத வாடகைக் குடியிருப்பு லீஸ் வகையில்தான் அடங்குகிறது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் விளம்பரத்தில் இந்தச் சொல்லைக் கண்டால், முன்பணம் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு, இடையில் காலி செய்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேட்டறிந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.