கொலை வழக்கு விசாரணை வீடியோக்கள்: முழுசாகப் பார்க்கலாமா?

யூடியூபில் பழைய அமெரிக்கக் கொலை வழக்குகளின் விசாரணை நாள் நாளாக, முழுசாகவே கிடக்கிறது. பின்னணி இசை கிடையாது, நடிகர்களை வைத்து எடுத்த காட்சி கிடையாது, கேமரா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முன்னாள் மனைவியையும் அவர் நண்பரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன், தன் இரண்டு வயது மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கேசி ஆன்டனி, இந்த இருவரின் வழக்குகளையும் பெரும்பாலும் இப்படித்தான் பார்த்தேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆவணப்படங்களில் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) ஏமாந்துவிட்டது என்று இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். இங்கே அரசுத் தரப்பு எங்கெங்கே கோட்டை விட்டது என்பது நம் கண் முன்னாலேயே நடக்கிறது.

சிம்ப்சன் வழக்கு என்றாலே எல்லாரும் தேடிப் பார்ப்பது 1995 ஜூன் 15, கையுறை போட்டுப் பார்த்த நாள். அரசு வழக்கறிஞர் கிறிஸ்டோபர் டார்டன் தானே கேட்டு, உள்ளே ஒரு ரப்பர் கையுறை வேறு மாட்டிக்கொண்டிருந்த சிம்ப்சனிடம் தடயமாகக் கிடைத்த தோல் கையுறையைப் போடச் சொல்கிறார், அது கையில் ஏறமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். ஆனால் என்னைக் கேட்டால் ஏப்ரல் மாதப் பதிவுகளைப் பாருங்கள். தடயங்களைச் சேகரித்த டென்னிஸ் ஃபங்கை சிம்ப்சன் தரப்பு வழக்கறிஞர் பேரி ஷெக் குறுக்கு விசாரணை செய்கிறார், நாள் கணக்கில். முன்னாள் மனைவி வீட்டின் பின்வாசல் கேட்டில் இருந்த ரத்தக்கறையைக் கொலை நடந்து வாரங்கள் கழித்து, ஜூலை 3-ல்தான் எடுத்தார்கள் என்பதும், பல தடயங்களை எடுத்தது ஒரு பயிற்சியாளர் என்பதும் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. சிம்ப்சனிடம் எடுத்த ரத்தக் குப்பியைத் துப்பறிவாளர் ஒருவர் சட்டைப்பையில் போடாத குறையாக அவர் வீட்டுக்கே கொண்டுபோனது தனிக் கதை. டிஎன்ஏ பொய் சொல்லவில்லைதான், ஆனால் அதைக் கையில் எடுத்த ஆட்கள் மேல் நம்பிக்கை போனால் டிஎன்ஏவால் என்ன பயன்?

அப்புறம் நீளம். அரசுத் தரப்பு ஜனவரியில் தொடங்கி ஜூலையில்தான் தன் சாட்சிகளை முடித்தது, ஜூரிகள் 265 நாள் ஓட்டலில் அடைபட்டுக் கிடந்தார்கள். வலுவான சாட்சியம் இருந்தும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள், அடுக்கிய ஒவ்வொன்றும் எதிர்த்தரப்புக்கு உடைக்க ஒரு புது இடம் ஆனது. பிரபலமான வழக்கில் இந்த ஆசை கூடுதலாக வரும் போல, ஊரே பார்க்கிறதே. கடைசியில் ஜூரி நாலு மணி நேரம்கூடப் பேசவில்லை, விடுதலை.

ஆன்டனி வழக்கு இதற்கு நேர்மாறு, அதனாலேயே இன்னும் சுவாரசியம். குழந்தை காணாமல் போய் 31 நாள் கழித்துத்தான் போலீசுக்குத் தகவல் போகிறது, எலும்புகள் பல மாதம் கழித்துக் கிடைக்கின்றன, எப்படி இறந்தது என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. அந்த ஓட்டையை அடைக்க குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து, கார் டிக்கியின் நாற்றம் என்று அரசுத் தரப்பு ஒரு கதை கட்டியது. வீட்டுக் கணினியில் குளோரோஃபார்ம் பற்றிய இணையப் பக்கம் 84 முறை பார்க்கப்பட்டதாகச் சாட்சியம் வந்தது, வேறொரு மென்பொருளில் பார்த்தால் ஒரே ஒரு முறை. 84 என்று காட்டிய மென்பொருளை உருவாக்கியவரே பிறகு அது பிழை என்று ஒப்புக்கொண்டார். இதை நம்பி மரண தண்டனை கேட்டால் யாருக்குக் கை வரும்? குழந்தை நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்தது என்று எதிர்த்தரப்பு சொன்ன கதையும் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் அவர்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லையே. 2011 ஜூலை 5-ல் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை, போலீசிடம் பொய் சொன்னதற்கு மட்டும் தண்டனை. குறைந்த குற்றச்சாட்டுகளும் ஜூரி முன்னால் இருந்தன, அவற்றுக்கும் சம்மதிக்கவில்லை.

குறைகள் இருக்கின்றன. நீதிபதியிடம் வழக்கறிஞர்கள் தனியாகப் பேசும்போது ஒலியை நிறுத்திவிடுவார்கள், திரும்ப வந்தால் என்ன முடிவானது என்றே புரியாது. ஜூரிக்குக் காட்டும் படங்கள் பல நேரம் மங்கலாகத்தான் தெரியும், சிம்ப்சன் பதிவுகளில் இது ரொம்ப மோசம். சில சேனல்கள் குறுக்கு விசாரணையின் சூடான பத்து நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டு "முழு விசாரணை" என்று தலைப்பு வைக்கின்றன, வீடியோவின் நீளத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கமெண்ட் பகுதியைத் திறக்காதீர்கள், ஜூரிக்குக் காட்டாத செய்தியெல்லாம் அங்கே இருக்கும், அதோடு பார்த்தால் அவர்கள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பது பிடிபடவே படாது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் ஆன்டனி வழக்கில் தொடங்கலாம், மே 24 தொடக்க உரையிலிருந்து தீர்ப்பு வரை ஆறு வாரம்தான், படமும் தெளிவு. அது பிடித்திருந்தால் மட்டும் சிம்ப்சன் பக்கம் போங்கள்.