கைரம்பமா, ஸ்க்ரோல் ரம்பமா?

பெங்களூரு அல்சூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து, பால்கனியில் வைத்துப் பலகையில் பிள்ளையின் பெயரை வெட்டியெடுக்க விரும்புபவருக்கு, மின்சார ஸ்க்ரோல் ரம்பமும் ஃப்ரெட் ரம்பம் எனப்படும் கைரம்பமும் ஒரே வேலையை இருவேறு விதமாகச் செய்து தருகின்றன. இயந்திரத்தில் பிளேடு தானே மேலும் கீழும் ஓடுவதால் இரு கைகளாலும் பலகையைத் திருப்பலாம். கைரம்பத்தில் ஒரு கை அறுக்க, மறுகை பலகையை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

உள்வெட்டில்தான் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். 'ன' எழுத்தின் சுழிக்குள் இருக்கும் துண்டை அகற்ற, முதலில் துளையிட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளைவழியே நுழைத்து, மறுபடி இறுக்க வேண்டும். முனையில் குறுக்கூசி உள்ள பிளேடை மட்டுமே ஏற்கும் மலிவு இயந்திரத்தில் அத்துளை பெரிதாக வேண்டியிருப்பதால், சிறிய எழுத்தாயின் சுழியே காணாமல் போகும். ஊசியற்ற 5 அங்குல பிளேடு கைரம்பத்திலும் நல்ல இயந்திரத்திலும் பொருந்தும். கைரம்பத்தில் மட்டும் பற்கள் கைப்பிடியை நோக்கியிருக்குமாறு மாட்ட வேண்டும், ஏனெனில் அது இழுக்கும்போதுதான் அறுக்கும்.

இயந்திரத்தின் அதிர்வு கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்கும் (அடியில் ரப்பர் விரிப்பு ஓரளவே உதவும்). 3 மி.மீ. பிளைவுட்டுக்குக் கைரம்பமே போதும். தடித்த தேக்கை அடிக்கடி அறுப்பவர் மட்டும், ஊசியற்ற பிளேடை ஏற்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்கலாம்.