கருமணலில் பெரிய காயில் எடுபடாது

புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்கு வந்து தங்கிவிட்ட நம் ஆட்கள், கையில் மெட்டல் டிடெக்டரைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். "லா பூஸ் புதையல் கிடைச்சுதா?" என்பது ஒன்று. "இது எத்தனை அடி ஆழம் பார்க்கும்?" என்பது இன்னொன்று. முதல் கேள்வி சும்மா கிண்டல். இரண்டாவதுதான் வில்லங்கம். அதைக் கேட்டவர்தான் கொஞ்ச நாளில் பதினைந்து இன்ச் காயிலை (டிடெக்டரின் அடியில் மாட்டி மண்மேல் வீசுகிற தட்டு) ஆர்டர் போட்டுவிட்டு, "சத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்று போன் செய்வார்.

லா பூஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒலிவியே லெவாசர் என்ற அந்தக் கடற்கொள்ளையன் 1721-ல் இந்தத் தீவின் தலைநகர் சேன் தெனியில் நின்றுகொண்டிருந்த போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்ததும், 1730 ஜூலை 7 அன்று சேன் போலில் தூக்கில் தொங்கியதும் வரலாறு. தூக்குமேடையிலிருந்து ரகசிய எழுத்தைக் கூட்டத்துக்குள் வீசினான் என்பது கதை. சேன் போல் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயரில் ஒரு சமாதியும் உண்டு. அந்தத் தோட்டம் உண்டானதே 1788-ல்தான். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதோடு, இது பிரெஞ்சுச் சட்டம் நடக்கிற தீவு. 1989 டிசம்பரில் வந்த சட்டப்படி, வரலாறு, தொல்லியல், கலை சம்பந்தப்பட்ட பொருள்களைத் தேடி டிடெக்டரை ஓட்ட முன்அனுமதி வேண்டும். அடுத்தவர் நிலமென்றால் அவருடைய சம்மதமும் வேண்டும். இடிந்த கரும்பாலை, பழைய தோட்ட வீடு என்று டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைவது பொழுதுபோக்கில் சேராது. நான் தேடுவதெல்லாம் நேற்று, முந்தாநாள் தவறியவை: மோதிரம், சாவிக்கொத்து, யூரோ சில்லறை. கடற்கரைக்கும் உள்ளூர் உத்தரவு ஏதும் இருக்கிறதா என்று அந்தந்த நகராட்சியில் கேட்டுக்கொள்வது நல்லது. மேற்குக் கரையின் பவளத்திட்டுப் பகுதி 2007 முதல் கடல் காப்பகம். அதனால் நான் ஈரமணலோடு நின்றுகொள்கிறேன், லகூனுக்குள் (பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஆழமில்லாத கடல்) காயிலை இறக்குவதில்லை.

இப்போது காயில் விஷயம்.

இந்தத் தீவில் காயில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மணலின் நிறத்தை. லெர்மிட்டாஜ், லா சலீன் பக்கம் பவளம் உடைந்து தூளான வெள்ளை மணல். அதில் இரும்புக் கனிமம் மிகக் குறைவு. அங்கிருந்து தெற்கே காரில் கொஞ்ச நேரம் போனால் எத்தாங் சலே. எரிமலைப் பாறை அரைபட்டு வந்த கரிய மணல். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த மணலில் வைத்து எடுத்துப் பாருங்கள், தாடி வளர்ந்த மாதிரி கறுப்புத் துகள் தொங்கும். அது மேக்னடைட், காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமம். டிடெக்டர் அனுப்பும் அலைக்கு அந்தத் துகள் ஒவ்வொன்றும் பதில் சொல்லும். தங்க மோதிரம் சொல்லும் பதில் அந்தக் கூச்சலுக்கு நடுவிலிருந்து வந்தாக வேண்டும்.

பெரிய காயில் இங்கேதான் சறுக்குகிறது. காயில் பெரிதானால் ஒரே நேரத்தில் அதிக மண்ணைப் பார்க்கிறது. வெள்ளை மணலில் அது லாபம். கருமணலில் அதிக மண் என்றால் அதிக மேக்னடைட், அதிக இரைச்சல். அதை அடக்க சென்சிட்டிவிட்டியை, அதாவது மிஷினின் காதுக் கூர்மையை, குறைக்கிறோம். குறைத்தால் பெரிய காயிலுக்குக் கொடுத்த காசுக்கு வாங்கிய ஆழம் போய்விடுகிறது. ஆறு இன்ச் காயில் ஒரு சமயத்தில் பார்க்கிற மண் கொஞ்சம். அதனால் மிஷின் அலறாமல் ஓடுகிறது, சின்ன சிக்னலும் காதில் விழுகிறது. நண்பரிடம் பதினைந்து இன்ச்சை இரவல் வாங்கி எத்தாங் சலேயில் என்னுடைய பதினொன்றோடும் ஆறோடும் ஒரே குழியில் வைத்துப் பார்த்தேன். ஒரு பழைய வெள்ளி மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டியதில், இரு பக்கமும் வீசும்போது திரையில் ஒரே எண்ணை (கீழே இருக்கும் உலோகம் எது என்று ஊகிக்க உதவும் எண்) காட்டியது ஆறு மட்டும்தான். பதினைந்து மோதிரத்தை விட்டுவிட்டு மணலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

ஈரமான கருமணல் இதைவிடக் கெட்டது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். மேக்னடைட் காந்தத்துக்கு ஆடும். டிடெக்டருக்கு இவை இரண்டும் இரு வேறு பதில்கள். ஒரே அலைவரிசையில் ஓடும் மிஷினில் கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் பதிலைக் கழிக்கும் அமைப்பு) உப்புக்குச் சரிசெய்தால் மேக்னடைட் கத்தும், மேக்னடைட்டுக்குச் சரிசெய்தால் கடல் அலை வந்து போகிற ஒவ்வொரு முறையும் உப்பு கத்தும். உப்பின் பதில் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும், மேக்னடைட்டின் பதில் பெரிதாக மாறாது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் கழிப்பதுதான், ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும் மல்டி ஃப்ரீக்வென்சி மிஷின்களின் சாமர்த்தியம். மைன்லேப் கம்பெனி 2018-ல் ஈக்வினாக்ஸ் மிஷினைக் கொண்டுவந்த பிறகு நடுத்தர விலையிலேயே அது கிடைக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியான எக்ஸ்பியின் தேயுஸ் 2-லும் உண்டு. இந்தக் கரையில் ஒற்றை அலைவரிசை மிஷினுக்குக் காயில் மேல் காயிலாக வாங்கிக் குவிப்பதைவிட, அந்தப் பணத்தைச் சேர்த்து மிஷினையே மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. பல்ஸ் இண்டக்‌ஷன் மிஷின் (துடிப்புத் துடிப்பாக அலை அனுப்பும் வகை) கருமணலை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, நிஜம்தான். ஆனால் ஆணி எது, மோதிரம் எது என்றும் பெரிதாகப் பிரித்துச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் நடந்த கரையில் அதைக் கொண்டுபோனால் நாள் முழுக்கக் குப்பை அள்ளலாம்.

காயில் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டபுள் டி காயிலின் (உள்ளே D வடிவில் இரண்டு சுருள்) பார்வை முன்னிருந்து பின்னாக ஒரு கத்தி வெட்டு போல மண்ணுக்குள் இறங்கும். கான்சென்ட்ரிக் காயிலின் (வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள்) பார்வை கூம்பு. கனிமம் நிறைந்த மண்ணில் டபுள் டிதான் நிற்கும், சந்தேகமே வேண்டாம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: பீர் பாட்டில் மூடி. உள்ளூர் டோடோ பீரின் இரும்பு மூடி டபுள் டிக்கு அடியில் கிடந்தால் நல்ல காசு மாதிரி பாடும். எனக்குக் கைவந்த வழி, சிக்னல் கிடைத்ததும் காயிலை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பது. காயிலின் மூக்கு அந்த இடத்தைத் தாண்டுகிற நேரத்தில் மூடி ஒரு முறை இரும்புக் குரலில் கரகரக்கும். மோதிரமோ காசோ கடைசி வரை ஒரே குரலில் சொல்லிவிட்டு நறுக்கென்று நிற்கும். அது நிற்கிற இடம், காயில் மூக்கின் நேர்கீழ். தோண்ட வேண்டிய புள்ளியும் அதுதான்.

சவுக்கு நிழலில் மர்மித் என்ற பெரிய பாத்திரம் ஏற்றிக் காரி சமைத்த இடங்களை எச்சரிக்கையாகக் கடந்து போங்கள். அடுப்புக்கு வைத்த எரிமலைக் கல் சூடேறிச் சூடேறிக் காந்தத்தன்மை கூடிப்போயிருக்கும். கல்லைத் தொட்டால் மிஷின் துள்ளும்.

நகையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். காயில் அளவு எங்கே கைகொடுக்கும் என்பது இதில் தெரியும். லா சலீனில் ஒரு அக்கா உடை மாற்றும்போது தாலிக்கொடியைத் தவறவிட்டுவிட்டார். வீட்டுக்காரர் தெரிந்தவர் மூலம் என்னைக் கூப்பிட்டார். போனதும் நான் கேட்டது, "அக்கா, கொடியில தாலி மட்டுமா, வேற ஏதாவது கோத்திருக்கா?"

"ரெண்டு லட்சுமி காசு இருக்கு தம்பி. குண்டு நாலு, பவழம் ரெண்டு."

அப்பாடா என்றிருந்தது. எத்தனை பவுன் கொடியாக இருந்தாலும் டிடெக்டருக்கு அது ஒரு பொருளில்லை, கண்ணி கண்ணியாக நூறு குட்டிப் பொருள். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத்தான் பதில் சொல்லும், அதுவும் உப்பு சொல்கிற பதிலுக்குப் பக்கத்திலேயே. மிஷினில் கடற்கரைக்கென்று இருக்கும் பீச் மோடு உப்பைக் கழிக்கும்போது மெல்லிய சங்கிலியையும் சேர்த்துக் கழித்துவிட வாய்ப்பு அதிகம். காசு இருந்தால் கதை வேறு. தட்டையான, முழுசான 22 காரட் தங்கம். இங்கே கடைகளில் விற்கும் 18 காரட்டைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், எண்ணும் கொஞ்சம் மேலே காட்டும். அதனால் நான் தேடப்போனது லட்சுமி காசை. பதினொரு இன்ச்சில் முதலில் ஓட்டியபோது ஒரு இடத்தில், வடக்கு தெற்காக வீசினால் மட்டும், விக்கல் மாதிரி அரைச் சத்தம். ஆறு இன்ச்சை மாட்டி, உலர்ந்த மணல் என்பதால் பீச் மோடை விட்டு, உப்பில்லாத தரைக்கான பார்க் மோடில் போட்டு அதே இடத்துக்கு வந்தேன். எப்படி வீசினாலும் சின்னதாக, ஆனால் அறுபடாத சத்தம். ஸ்கூப்பை (மணலை அள்ளிச் சலிக்கும் ஓட்டைக் கரண்டி) விட்டுவிட்டுக் கையால்தான் மணலை விலக்கினேன். முதலில் பவழம் தெரிந்தது. வெள்ளை மணலில் உடைந்த பவளத் துண்டுகள் நிறையக் கிடக்கும். அவற்றுக்கு நடுவில் கோத்த பவழம் எது என்று ஒரு நொடி பிடிபடவில்லை. அக்கா என் தோளுக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, "அதான், அதான்!" என்றார்.

கருமணலோ வெள்ளையோ, கரையில் விட்டுப்போன தேங்காய், வெற்றிலை, கற்பூரத்தோடு சில்லறை கிடந்தால் நான் காயிலைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடுவேன். யாரோ கும்பிட்டு வைத்தது.

துணைச்சாமான்களில் அதிகம் ஏமாற்றுவது காயில் கவர். பிளாஸ்டிக் தட்டு, காயிலைச் சிராய்ப்பிலிருந்து காக்கும், வாங்கத்தான் வேண்டும். ஆனால் கருமணலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கவருக்கும் காயிலுக்கும் இடையில் மேக்னடைட் துகள் ஏறிக்கொள்ளும். வீசுகிற வீச்சுக்கு அது உள்ளே நகரும், மிஷின் காரணமில்லாமல் முனகும். பலர் இதைக் காயில் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். கவரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். நான் விளிம்பைச் சுற்றி மின்சார டேப் ஒட்டிவிடுகிறேன். பார்க்க அசிங்கம், வேலை சுத்தம்.

ஸ்கூப் துருப்பிடிக்காத எஃகில்தான். ஓட்டை அளவை மணல் முடிவு செய்யும். கருமணல் நைஸ், சின்ன ஓட்டையிலும் இறங்கிவிடும், கம்மல்கூட நிற்கும். லெர்மிட்டாஜில் பவளத் துண்டு ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டை இல்லாவிட்டால் ஸ்கூப்பை உலுக்கி உலுக்கியே தோள் போய்விடும். பின்பாயிண்டரை (குழிக்குள் பொருளைத் துல்லியமாகக் காட்டும் கையடக்க டிடெக்டர்) கருமணல் குழிக்குள் விடுமுன் மணலில் முனையைத் தொட்டு மீண்டும் ட்யூன் செய்துகொள்ள வேண்டும். வாட்டர்ப்ரூஃப் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஹெட்போன் விஷயத்தில் பெரிய அபிப்பிராயம் இல்லை, காற்றடிக்கிற கரையில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

எங்கே தேடுவது என்பதற்குக் கூட்டத்தைப் பார்த்தாலே போதும். சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல் லகூனுக்கும் கண்காணிப்பு உள்ள இடங்களுக்கும் வெளியே குளிக்கத் தடை. குளிப்பவர்கள் எல்லாம் சில கரைகளிலேயே குவிகிறார்கள், மோதிரங்களும் அங்கேயே விழுகின்றன. புயலுக்குப் பிறகு மணல் அரிபட்ட மேட்டடி இன்னும் நல்லது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்துபோன பிறகு அப்படி ஒரு இடத்தில் இந்தத் தீவின் பழைய அலுமினிய ஃப்ராங்க் ஒன்றைப் பார்த்தேன், 1948, கரும்பு முத்திரை. 1974 முடியும் வரை ரியூனியனுக்குத் தனி ஃப்ராங்க் இருந்தது என்பதே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போதைய 1, 2, 5 சென்ட் காசுகளோ உள்ளே இரும்பு, வெளியே செம்புப் பூச்சு. இரும்பை ஒதுக்கி வைத்து ஓட்டினால் அவை பெரும்பாலும் கண்ணில் படாது. போகட்டும், நஷ்டமில்லை.

வாங்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. பிரான்சிலிருந்து வரவழைத்தாலும் இங்கே வெளியிலிருந்து வரும் சரக்குக்கான ஒக்த்ருவா தெ மேர் வரியும் 8.5 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் (வாட்) சேரும், இணையத்தில் பார்த்த விலை வீட்டு வாசலில் நிற்காது. லித்தியம் பேட்டரி உள்ள பார்சலை விமானத்தில் ஏற்றத் தயங்குவதும் உண்டு. ஒரு கம்பெனி மிஷினுக்கென்று செய்த காயில் இன்னொரு கம்பெனி மிஷினில் ஓடாது. பிளக் பொருந்தினாலும் ஓடாது, உள்ளே ட்யூனிங் வேறு. ஒரே ஒரு கூடுதல் காயில்தான் வாங்க முடியும் என்றால் ஆறு இன்ச் வட்டம், அல்லது 10×5 நீள்வட்டம். நீள்வட்டம் ஒரு வீச்சுக்கு அதிகத் தரையை மூடும், மண்ணைக் குறைவாகவே பார்க்கும். வெள்ளை மணலை விட்டு நகரவே மாட்டேன் என்பவர் மட்டும் பெரியதைப் பற்றி யோசிக்கலாம், அப்போதும் முன்பாரம் மணிக்கட்டைப் பதம் பார்க்கும்.

பழையது வாங்குகிறவர்கள் மூன்று இடத்தைத் தடவிப் பாருங்கள்: தண்டு மாட்டும் காது விரிசல் விட்டிருக்கிறதா, கேபிள் காயிலுக்குள் நுழைகிற இடம் தளர்ந்திருக்கிறதா, பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா. கடைசியாகச் சொன்னது இருந்தால் விலை பேசவே வேண்டாம். பேசியபின் கையோடு மிஷினில் மாட்டி, கேபிளைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.