டன்லப் மேக்ஸ் கிரிப் 0.73: வியர்க்கிற கைக்கு ஏற்ற பிக்

போன டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸில் நாலாவது வீட்டிலேயே, கிட்டார் கம்பியை மீட்டுகிற பிக் என்ற சின்னத் தகடு வழுக்க ஆரம்பித்து, அடுத்த வீட்டு முற்றத்தில் நேராக கிட்டாரின் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, நான் கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தேன். குளச்சல் கடற்காற்றில் ராத்திரியும் கை பிசுபிசுக்கும். அது பெயரில்லாத, வழவழப்பான பிளாஸ்டிக் பிக்.

அப்புறம் வாங்கியதுதான் இது. நைலான், 0.73 மி.மீ. தடிமன். விரல் படுகிற இடத்தில் பொடிப்பொடியாகப் புடைப்புகள், தடவினால் சன்ன அரத்தைத் தொட்டது போல இருக்கும்.

பிக் நழுவுகிறது என்றால் நாம் உடனே இன்னும் இறுக்குவோம், இறுக்கினால் மணிக்கட்டு விறைக்கும், கம்பியில் பிக் மோதுகிற சத்தம்தான் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கும். ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைக் குறுக்காகப் படுக்கப் போடுங்கள், முனை கொஞ்சம்தான் வெளியே தெரிய வேண்டும். யாராவது உருவினால் வந்துவிடுகிற அளவுக்குப் பிடித்தால் போதும். இதைப் பல வருஷமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கே, இந்தப் பிக் வந்த பிறகுதான் கை தளர்ந்தது.

இதுதான் ஒரே பிடி என்றில்லை. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்தவர், அதனால் டேப்பிங் செய்ய, அதாவது கிட்டார் கழுத்தில் கம்பியை விரலால் தட்டி வாசிக்க, ஆள்காட்டி விரல் அவருக்குச் சும்மா இருந்தது. சிதார்காரர்கள் கம்பியில் செய்த மிஸ்ராபை விரலிலேயே மாட்டிக்கொள்வார்கள், நழுவுகிற பேச்சே இல்லை. சரோத் என்ற வட இந்திய வாத்தியத்தை வாசிக்கிற பிக்கான ஜவாவைத் தேங்காய்ச் சிரட்டையில் செதுக்குகிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு அத்தனை சந்தோஷம், நம் வீட்டுப் பின்கட்டில் அடுப்பெரிக்கக் குவித்திருக்கிற அதே சிரட்டை!

சரி, எந்தத் தடிமன்? கோயிலில் பாட்டுக்குக் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது) மட்டும் அடிப்பவர்களுக்கு 0.73 போதும், வளைந்து கொடுக்கும். தனித்தனி நோட்டாக வாசிப்பவர்கள் 1.0 எடுங்கள். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு 0.60 வாங்கிக் கொடுங்கள், கம்பியில் சிக்காமல் கை ஓடும்.