ஊசியா, கேமராவா? அம்மாக்களின் கைவேலைகள்: ஓர் ஒப்பீடு

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு பொழுதுபோக்கு வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டாயம் வேண்டும். எது அங்கே தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அம்மாக்களுக்கு நேரம் முழுசாகக் கிடைப்பதில்லை, துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு அழுகை, ஒரு கூப்பிடல். அதனால் வீட்டிலேயே பொம்மை செய்வது, குடும்பத்தைப் போட்டோ எடுப்பது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆல்பம் வேலை, எல்லாவற்றையும் நான் முதலில் உரசிப் பார்ப்பது ஒரே கேள்வியில்தான். அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியில் குரோஷாவுக்கு, அதாவது நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் வேலைக்கு, போட்டியே இல்லை.

இரண்டு ஊசி வைத்துப் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணி மொத்தமும் ஊசியில் தொங்கும். குழந்தை வந்து ஊசியை உருவினால் கண்ணிகள் கொத்தாக அவிழ்ந்துவிடும். குரோஷாவில் எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதைச் சற்றே இழுத்து நீளமாக்கி, ஊசியை உருவிக்கொண்டு, கண்ணி அவிழாமல் பிடிக்கும் ஒரு குட்டி வளையத்தை (மார்க்கர்) அதில் மாட்டிவிட்டு எழுந்துவிடலாம். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் ஒரு வாரம் கழித்து வந்தாலும் வேலை விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

ஜப்பானியர்கள் அமிகுருமி என்று சொல்லும் குட்டிப் பொம்மைகள் இப்படித்தான் உருவாகின்றன. ஒரு நூல் வளையத்தில் ஆறு கண்ணி போட்டு ஆரம்பிக்க வேண்டும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் கூட்டினால் 18, பிறகு 24. சுற்றுக்கு ஆறு கூடிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் சுவர் மாதிரி எழும்பும். குறைக்க ஆரம்பித்தால் வாய் குறுகி உருண்டையாக மூடிக்கொள்ளும். இவ்வளவுதான் கணக்கு. தலை, உடம்பு, கை, கால், யானையின் தும்பிக்கை வரைக்கும் எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நூல் லேபிளில் போட்டிருக்கிற அளவை விடச் சின்ன ஊசியாக எடுத்து இறுக்கமாகப் பின்ன வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைத்த பஞ்சு கண்ணி வழியாக எட்டிப் பார்க்கும், குழந்தையின் விரல் நேராக அங்கேதான் போகும்.

தையல் மெஷினை இந்த வயதுக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துணியை விரித்து, வெட்டி, குண்டூசி குத்தி, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி உட்காருவதற்குள் கிடைத்த நேரம் போய்விடும். எழுந்து போகும்போது இவை அனைத்தும் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் கிடக்கும். கைத்தையல் வேறு விஷயம், அதிலும் நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்கிற ஃபெல்ட் துணியில். ஃபெல்ட் வெட்டின இடத்தில் நூல் பிரியாது, ஓரத்தை மடித்துத் தைக்கத் தேவையில்லை. ஜெர்மனியில் மார்கரெட் ஷ்டைஃப் என்ற தையற்காரப் பெண் 1880-இல் ஃபெல்ட் துணியில் குட்டி யானைகள் தைத்தார், ஊசி குத்தி வைப்பதற்காக. குழந்தைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் விளையாட ஆரம்பித்தார்கள். ஒன்றரை வயதில் போலியோ வந்து, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர் அவர். பின்னாளில் உலகமே அறிந்த ஒரு பொம்மை நிறுவனம் அந்த யானையில் இருந்துதான் கிளம்பியது.

கேமராவை அதே கேள்வியில் உரசினால் விடை வேறு மாதிரி வருகிறது. போட்டோவைப் பாதியில் நிறுத்த முடியாது, ஆனால் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவும் தேவையில்லை. குழந்தையோடு இருக்கிற நேரமேதான் போட்டோ எடுக்கிற நேரமும். குரோஷா, குழந்தை தூங்கினால்தான் நிம்மதியாக நடக்கும். கேமராவுக்கு வேலை வருவது குழந்தை விழித்திருக்கும்போது. இந்த ஒரு காரணத்தால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி என்று சொல்லிக்கொண்டாலும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்க முடிகிறது. கேமராவின் சுமை பின்னால் வருகிறது: எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிப்பது. அன்றன்றைக்கு எடுத்ததை அன்றிரவே பார்த்து, கண் மூடியது, கலங்கியது, ஒரே மாதிரி பத்து இருப்பது ஆகியவற்றை அழித்துவிடுகிறவர்களுக்கு இது சுமையே இல்லை. தள்ளிப் போட்டால் மலையாகிவிடும்.

குழந்தைக்கு எது பிடிக்கும்?

மனதில் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் அம்மா செய்து தரும் பொம்மை பெரும்பாலும் அம்மாவின் சந்தோஷத்துக்குத்தான். அதில் ஒரு குறையும் இல்லை. குழந்தை அந்த யானையை விட்டுவிட்டு அட்டைப்பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் மனம் வாட வேண்டியதில்லை, வேலை செய்தபோது கிடைத்த நிம்மதி கையோடு வந்துவிட்டது.

ஆனாலும் எளிய பொம்மை வீண்போவதில்லை. கிண்டர்கார்டன் என்ற சொல்லையும் அந்தப் பள்ளி முறையையும் தந்த ஃபிரீட்ரிக் ஃபுரோபெல், குழந்தைகளுக்கென்று வரிசையாக வடிவமைத்த விளையாட்டுப் பொருட்களில் முதலாவது என்ன தெரியுமா? நூலால் மூடிய ஆறு பந்துகள், ஆறு நிறங்களில். குரோஷா கற்றுக்கொள்கிறவர் முதலில் பின்னுவதும் பந்துதான். அதைப் பயிற்சி என்று ஒதுக்கி வைக்காமல் அப்படியே குழந்தை கையில் கொடுத்துவிடலாம். வால்டார்ஃப் என்ற மாற்றுக் கல்விமுறைப் பள்ளிகளோடு சேர்த்துப் பேசப்படும் துணிப் பொம்மைகளுக்கு முகத்தில் இரண்டு புள்ளியும் ஒரு சிறு கோடும்தான் இருக்கும். பொம்மை இப்போது சிரிக்கிறதா, கோபமாக இருக்கிறதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும் என்ற எண்ணம். கைத்திறமை போதவில்லை என்று தயங்கும் அம்மாக்களுக்கு இது நல்ல செய்தி. முகம் கச்சிதமாக வரவில்லை என்றால் எளிமையாக விட்டுவிடுங்கள்.

மூன்று வயதுக்கு மேல் கதையே மாறிவிடும். அப்போது குழந்தை வாங்கிக்கொள்கிற ஆளாக இருப்பதில்லை, கூட வேலை செய்கிற ஆளாகிவிடுகிறது. அந்த வயதுக்கு ஜோடி தொலைந்த சாக்ஸுக்கு ஈடான பொருள் கிடையாது. கையை உள்ளே விட்டு, விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் துணியை மடக்கினால் வாய் வந்துவிடும். கண்ணை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் போதும். பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். "இன்னைக்கு ஏன் அழுதே?" என்று அம்மா கேட்டால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதையே சாக்ஸ் கேட்டால், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாக்ஸின் கண்ணையே பார்த்துக்கொண்டு நடந்ததை முழுசாகச் சொல்லும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதும், அந்தக் குரல் அம்மாவுடையதுதான் என்பதும் அதற்குத் தெரியும். தெரிந்தும் சொல்லும். கேமராவால் இதைத் தர முடியாது.

போட்டோவில் குழந்தைக்கு லாபம் பிற்பாடுதான். தான் கைக்குழந்தையாக இருந்த படத்தைப் பார்த்து "இது நானா?" என்று கேட்கிற வயதில் இருந்து அது வளர்ந்துகொண்டே போகும்.

ஆபத்து எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும் உண்டு, வகை மட்டும் வேறு. பொம்மையில் ஆபத்து வாய் வழியாக வரும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம். அது இதை விடச் சற்று அகலம், அதனால் இன்னும் கண்டிப்பான சோதனை. பட்டன், மணி, கண்ணுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் குமிழ், எல்லாமே இதில் தோற்கும். அந்தக் குமிழுக்கு 'சேஃப்டி ஐ' என்று பெயர் வைத்திருப்பதை நம்பிவிடாதீர்கள். பின்னல் தளர்ந்தால் பின்பக்க வாஷரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். சின்னக் குழந்தைக்கு என்றால் கண்ணை நூலால் எம்ப்ராய்டரி செய்வதே சரி. இழுத்து விளையாடும் பொம்மையின் கயிற்றை 20 செ.மீ.-க்குள் வைத்துக்கொள்ளுங்கள், கழுத்தில் சுற்றாது. ஒலி, ஒளி வரவேண்டும் என்று பட்டன் பேட்டரி மட்டும் வைக்கவே வேண்டாம். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில், எவ்வளவு ஆசையாகச் செய்ததாக இருந்தாலும், மெத்தென்ற பொம்மையை வைக்கக் கூடாது.

போட்டோவில் ஆபத்து படம் வீட்டை விட்டு வெளியே போகும்போது ஆரம்பிக்கிறது. போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடம் படத்தின் ஃபைலுக்குள்ளேயே பதிவாகிவிடும். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், குளிக்கும் படம் ஆகிய மூன்றையும் வெளியே விடாமல் இருப்பது என் உறுதியான கருத்து. பொம்மையைக் குழந்தை வேண்டாம் என்று தூக்கி எறியலாம். தன் படம் எங்கெல்லாம் போகிறது என்பதில் அதற்குச் சொல்ல வாயில்லை. பேசத் தெரிந்த குழந்தை "எடுக்காதே" என்றால் கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

எது சீக்கிரம் கைக்கு வரும்?

போட்டோ. இதில் தயக்கமே வேண்டாம். போனே போதும், கற்க வேண்டியது வெளிச்சத்தைத்தான். பகலில் ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் விழாத இடத்தில் குழந்தையை விளையாட விடுங்கள். அறையின் மேல் விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளி ஒரு நிறம், விளக்கொளி இன்னொரு நிறம், இரண்டும் கலந்தால் முகம் மஞ்சள் பூத்துத் தெரியும். பிறகு தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துக்கொள்ளுங்கள். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும், பின்னணி முழுக்கத் தரைதான். குழந்தையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கியவுடன் அதே அறை வேறு அறையாகிவிடும். கேமரா வைத்திருப்பவர்கள் ஓடியாடும் குழந்தைக்கு ஷட்டர் வேகத்தை (ஷட்டர் திறந்து மூடும் நேரம்) 1/250 நொடியை விட மெதுவாக்காதீர்கள், துள்ளிக் குதித்தால் 1/500. வீட்டுக்குள் இருட்டாக இருந்தால் கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளலாம். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிவதை மன்னிக்கலாம், கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வயதாகிவிட்டதே என்று நினைப்பவர்களுக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் போட்டோ கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், பெற்ற பிள்ளைகள் மட்டும் ஆறு பேர். 1863-இல் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு 48 வயது. கோழிக்கூட்டை ஸ்டூடியோவாகவும் கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். வீட்டு ஆட்கள், பக்கத்துப் பிள்ளைகள் என்று கிடைத்தவர்களையெல்லாம் உட்கார வைத்தார். ஃபோகஸ் சரியில்லை என்று அக்கால விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அவர் அந்த மென்மையைக் கைவிடவில்லை. இன்று போட்டோ வரலாற்றில் அவருக்குத் தனி இடம் இருக்கிறது.

கேமராவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. எடுப்பவர் படத்தில் இருக்க மாட்டார். பல வீட்டு ஆல்பங்களில் குழந்தை இருக்கும், அப்பா இருப்பார், பாட்டி இருப்பார், அம்மா மட்டும் காணாமல் போயிருப்பார். பொம்மையில் அப்படி இல்லை, ஒவ்வொரு கண்ணியிலும் அம்மாவின் கை இருக்கிறது. போட்டோவைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை ஒரு பழக்கமாகவே சரிசெய்ய வேண்டும். அலமாரித் தட்டில் போனைச் சாய்த்து வைத்து, பத்து நொடி டைமரைப் போட்டுவிட்டு, தலைமுடியைச் சரிசெய்யாமல் அப்படியே குழந்தையிடம் போய் உட்காருங்கள். நாலு வயதுக் குழந்தையிடம் போனைக் கொடுத்தும் பார்க்கலாம். பாதி படத்தில் உங்கள் முகவாய் மட்டும் இருக்கும். குழந்தை உங்களை எந்த உயரத்தில் இருந்து பார்க்கிறது என்பது அதில் தெரியும்.

ஆல்பம் வேலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காகிதம் வெட்டி, ஒட்டி, அலங்கரிக்கும் பெரிய ஸ்க்ராப்புக் எல்லாம் பொருட்களைப் பரப்பிவைக்கிற வேலை, தையல் மெஷினுக்குச் சொன்னதே இதற்கும். ஆனால் ப்ரின்ட் போடுவதை விடக் கூடாது. 4×6 அங்குல ப்ரின்ட்டுக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும், சாதாரணப் போன் படமே தாராளம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ப்ரின்ட்டுக்குக் கொடுக்காதீர்கள், அது சுருங்கி வந்திருக்கும், மூலப் படத்தைத் தேடி எடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பேக்கப்புக்கான நல்ல விதி.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்கிறவர்களுக்கு என் பதில் குழந்தையின் வயதைப் பொறுத்தது. முதல் வருடம் கேமரா. தூக்கம் கெட்ட மாதங்களில் கண்ணி எண்ண முடியாது, அந்த முகம் அடுத்த மாதம் அதே முகமாக இருக்கவும் போவதில்லை. குழந்தை ஓரளவு நேரத்துக்குத் தூங்க ஆரம்பித்ததும் குரோஷா. அது அம்மாவுக்கே அம்மாவுக்கான நேரம், அங்கே குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, அந்த ஓய்வு தேவை. மூன்று வயதில் இருந்து சாக்ஸ், அட்டைப்பெட்டி, பசை, கூடவே ஒரு சிறிய மழுங்கின கத்தரிக்கோல், குழந்தைக்கென்று தனியாக.

செய்த பொம்மையைக் குழந்தை கையில் கொடுப்பதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த நூல், எந்த ஊசி, எத்தனை சுற்று என்பதையும் அந்தப் படத்தோடு குறித்துவையுங்கள். காது பிய்ந்து வரும் நாளில் அதே காதை மறுபடியும் பின்ன அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.