கம்பெனீஸ் ஹவுஸ் தளம்: மேட்ச்சைவிட பேலன்ஸ் ஷீட் சுவாரசியம்

ஆடிட் என் பிழைப்பு, இங்கிலாந்து கால்பந்து என் பைத்தியம். இரண்டுக்கும் தீனி போடுவது பிரிட்டன் அரசின் இந்தக் கம்பெனிப் பதிவகத் தளம். கிளப் பெயரைத் தட்டினால் ஆண்டுக் கணக்கு பிடிஎஃப்பாக வந்துவிடும். காசு கிடையாது, லாகின்கூட வேண்டாம்.

லாப நஷ்டப் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். சரக்கெல்லாம் பின்னால் வரும் குறிப்புகளில்தான். முதலாளி கொட்டியது பங்கு மூலதனமா, கடனா என்பது அங்கேதான் தெரியும். கடன் என்றால் என்றைக்காவது திருப்பிக் கேட்கலாம். செல்சி கிளப்பில் அப்போதைய முதலாளி அப்ரமோவிச் போட்ட சுமார் 150 கோடி பவுண்டு கடன்தான்; 2022இல் கிளப் கைமாறியபோது வேண்டாமென்று விட்டார். எல்லா முதலாளியும் விடுவாரா, என்ன?

எவர்ட்டன் கிளப்புக்கு 2023இல் லீக் அட்டவணையில் 10 புள்ளி வெட்டு விழுந்ததே (மேல்முறையீட்டில் 6 ஆனது), அதற்குக் காரணமான, 3 ஆண்டில் மொத்தம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்ற பிரீமியர் லீக்கின் அன்றைய வரம்பை வைத்து நாமே கூட்டிப் பார்க்கலாம். அகாடமி (இளம் வீரர் பயிற்சி), மகளிர் அணிச் செலவுகளை நஷ்டத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

நிதியாண்டு முடிந்தபின் கணக்கு தாக்கல் செய்ய 9 மாதம் அவகாசம் உண்டு என்பதால் கிடைப்பது ஆறின கஞ்சிதான். தாய் நிறுவனம் கேமன் தீவு போல வெளியே பதிவானதென்றால் அதன் கணக்கு இந்தத் தளத்தில் இருக்காது, தடம் பாதியில் நின்றுவிடும். மான்செஸ்டர் யுனைடெட் அப்படித்தான்; அதற்கு நியூயார்க் பங்குச்சந்தை அறிக்கைகளைப் புரட்டுங்கள்.