டிரேஃபிக்கை எட்சிடியோடு இணைத்து ஐந்து ஆண்டுகள்

எங்களிடம் அறுபது சொச்சம் சேவைகள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் வாசலில் நின்று, வரும் கோரிக்கைகளை உரிய சர்வருக்குத் திருப்பிவிடுபவை இரண்டு டிரேஃபிக் ப்ராக்ஸிகள். (உச்சரிப்பு 'டிராஃபிக்'தான், சாலையில் இருக்கிற டிராஃபிக்கோடு குழம்பக் கூடாதே என்று இப்படி எழுதுகிறேன்.) எந்த டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற விவரம் மூன்று நோடுகள் (மெஷின்கள்) கொண்ட எட்சிடியில் இருக்கிறது. எட்சிடி ஒரு கீ-வேல்யூ ஸ்டோர், அதாவது ஒவ்வொரு கீக்கும் (பெயருக்கும்) ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் தரவுக் கிடங்கு. 2020 மத்தியில் தொடங்கிய ஏற்பாடு இது.

அதற்கு முன் வாசலில் நின்றது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, குறை எங்களிடம். ஒரு மெஷினில் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தி ரீலோட் செய்துவிட்டு, மற்ற மெஷினை மறந்துவிடுவோம். சேவைகளைத் தானாக நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. எங்களுடையவை சாதாரண விஎம்கள் (மெய்நிகர் மெஷின்கள்). ஒரே இடத்தில் எழுதினால் இரண்டு ப்ராக்ஸியும் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தேவை.

நாங்கள் வந்த நேரமும் தோதாக அமைந்தது. டிரேஃபிக்கின் முதல் பதிப்பில் கீ-வேல்யூ ஸ்டோர் ஆதரவு இருந்தது. 2019 செப்டம்பரில் 2.0 வந்தபோது அது காணாமல் போய், 2020 மார்ச்சில் 2.2 பதிப்பில் எட்சிடி, கன்சல், ரெடிஸ், ஜூகீப்பர் ஆகிய நான்கு ஸ்டோர்களுக்கும் திரும்ப வந்தது. ஆனால் போர்ட் எண், லாக் அளவு போன்ற நிலையான அமைப்புகளை ஸ்டோரில் வைக்க முடியாது; அவை ஃபைலிலோ கமாண்ட் லைனிலோதான். ரவுட்டர் (எந்தக் கோரிக்கை எங்கே போகும்), சர்வீஸ் (அது போய்ச் சேரும் சர்வர்கள்), மிடில்வேர் (நடுவில் கோரிக்கையில் செய்யும் மாற்றங்கள்) ஆகியவை மட்டும் ஸ்டோரில்.

இணைப்பது பத்து நிமிட வேலை. எட்சிடியின் முகவரியை, வழக்கமான 2379 போர்ட்டோடு கொடுத்தால் போதும். கீகள் 'டிரேஃபிக்' என்ற வேரிலிருந்து மரம்போலக் கிளை விடும்: அதன் கீழ் எச்டிடிபி, அதன் கீழ் ரவுட்டர்கள், அதன் கீழ் ரவுட்டரின் பெயர், கடைசியில் ரூல் (எந்த டொமைனுக்கு என்பது போன்ற நிபந்தனை). பார்க்க எளிமை. மாட்டிக்கொண்டது மற்ற இடங்களில்.

முதல் வாரமே, கமாண்டுகளை ஓட்டும் ஷெல்லான பாஷ் விளையாடியது. ஹோஸ்ட் ரூலில் டொமைன் பெயரை பேக்டிக் (`) குறிக்குள் எழுத வேண்டும். டபுள் கோட்ஸுக்குள் போட்டு ரன் செய்தால், பாஷ் அந்தப் பெயரை ஒரு கமாண்டாக நினைத்து ஓடவிடும். 'அப்படி ஒரு கமாண்ட் இல்லை' என்று ஒரு வரி திட்டும். ஸ்டோரில் போய் விழுவது காலி அடைப்புக்குறி. சிங்கிள் கோட்ஸ்தான் மருந்து. அடுத்தது, கொடுத்ததை அப்படியே வெளியிடும் எக்கோ கமாண்ட். அதன் வெளியீட்டைப் பைப்பில் எட்சிடிக்கு அனுப்பினால் கடைசியில் ஒரு நியூலைன் (வரி முடிவுக் குறி) ஒட்டிக்கொண்டு போகும். சர்வர் யூஆர்எல்லில் அது இருந்தால் டிரேஃபிக் ஏற்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது.

எழுதும் வரிசையும் முக்கியம். ரவுட்டரை முதலில் எழுதி, சர்வீஸைப் பின்னால் எழுதினால் நடுவில் டிரேஃபிக் படித்துவிட்டு 'அப்படி ஒரு சர்வீஸ் இல்லை' என்று சொல்லும். சேர்க்கும்போது சர்வீஸ் முன்னால், நீக்கும்போது ரவுட்டர் முன்னால் என்று பழகினோம். இப்போது எல்லாவற்றையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில், அதாவது ஒரே மூச்சில் சேர்ந்து நடக்கும் தொகுப்பாக, எழுதிவிடுகிறோம். இயல்பான அமைப்பில் ஒரு ட்ரான்ஸாக்ஷனுக்கு 128 செயல்கள் வரைதான். ஒரு சேவைக்கு அது தாராளம்.

எங்களை உண்மையில் பயமுறுத்தியவை இரண்டு சம்பவங்கள்.

ஒன்று, இடம் நிரம்பியது. கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும் சேவைப் பட்டியலை ஸ்டோருக்குக் கொண்டுபோகும் ஸ்கிரிப்ட்டை நான்தான் எழுதினேன். மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல், நிமிடத்துக்கு ஒருமுறை முந்நூறு கீகளையும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. எட்சிடி பழைய மதிப்பை அழிப்பதில்லை, ஒவ்வொரு எழுத்தையும் புதுத் திருத்தமாக வைத்துக்கொள்ளும். பழைய திருத்தங்களை நீக்கும் தானியங்கிக் கம்பாக்ஷனை நாங்கள் போடவில்லை. ஒரு மாதத்துக்குள் இயல்பான 2 ஜிபி எல்லையைத் தொட்டு, இடமில்லை என்ற அலாரம் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையிலும் படிப்பது நடக்கும், எழுதுவதுதான் நிற்கும். அதனால் சைட்டுகள் எல்லாம் ஜோராக ஓடின; புதிய டெப்ளாய்மென்ட் மட்டும் எங்கேயும் தெரியவில்லை. டெவலப்பர்கள் ப்ராக்ஸியைத் திட்டினார்கள், நானும் ப்ராக்ஸியின் லாகையே தோண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கம்பாக்ட் செய்து, ஒவ்வொரு நோடாக டிஃப்ராக் செய்து (காலியான இடத்தை மீட்டு), அலாரத்தை நீக்கினோம். இந்த மூன்றாவது படியை மறந்தால், இடம் காலியானாலும் எழுத விடாது. இப்போது கம்பாக்ஷன் தானாக நடக்கிறது, ஸ்கிரிப்ட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறது.

இரண்டாவது என் மடத்தனம் அல்ல, எல்லோருடையதும். மூன்று எட்சிடி நோடுகளில் இரண்டு ஒரே பிசிக்கல் ஹோஸ்ட்டில் இருந்தன. ஒரு ராத்திரி அந்த ஹோஸ்ட் விழுந்தது. மூன்றில் இரண்டு போனதும் பெரும்பான்மை இல்லை, ஸ்டோர் பதில் தரவில்லை. டிரேஃபிக் கடைசியாகப் படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தது, பயனர் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. லாகில் சிவப்பு வரிகளைப் பார்த்த சக ஊழியர், வழக்கமான வைத்தியமாக ஒரு ப்ராக்ஸியை ரீஸ்டார்ட் செய்தார். நினைவு போனது, படிக்க ஸ்டோர் இல்லை. அந்த ப்ராக்ஸிக்கு வந்த எல்லாக் கோரிக்கைகளுக்கும் 404, அதாவது 'பக்கம் இல்லை'. இரண்டாவதில் கை வைப்பதற்குள் ஃபோனில் கத்தி நிறுத்தினேன். மூன்று நோடும் இப்போது மூன்று ஹோஸ்ட்டில் இருக்கின்றன. 'எட்சிடி படுத்திருந்தால் ப்ராக்ஸியைத் தொடாதே' என்பது எங்கள் ரன்புக்கின் (அவசரக் கையேட்டின்) முதல் வரி.

மனம் குளிர்ந்த விஷயம் ஒன்றும் உண்டு. 2024 ஏப்ரலில் டிரேஃபிக் 3.0 வந்தபோது ரூல் எழுதும் முறை மாறியது. ஒரே ஹோஸ்ட் ரூலுக்குள் காற்புள்ளியிட்டு இரண்டு டொமைன் தர முடியாது, 'அல்லது' குறியால் (||) பிரித்து எழுத வேண்டும். பழைய ரூல்களை அப்படியே ஓட்ட ஒரு அமைப்பும் தருகிறார்கள். நாங்கள் அதைத் தொடாமல் ஸ்டோரிலேயே வேறொரு வேரை உண்டாக்கி, புது முறையில் எழுதிய கீகளை அதில் போட்டு, புதுப் பதிப்பு ப்ராக்ஸியை அந்த வேரைப் பார்க்கச் சொன்னோம். பழையதும் புதியதும் பத்து நாள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஃபைல் வைத்துக்கொண்டு இருந்திருந்தால் இவ்வளவு நிம்மதியாகச் செய்திருப்போமா தெரியவில்லை.

சான்றிதழ் விஷயத்தில் எதிர்பார்ப்பு வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களை டிரேஃபிக்கின் முதல் பதிப்பு ஸ்டோரில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும். இலவசப் பதிப்பில் இன்று அது இல்லை, ஒவ்வொரு ப்ராக்ஸிக்கும் தனி ஜேசன் ஃபைல். நாங்கள் சர்ட்பாட் என்ற கருவியில் சான்றிதழ் வாங்கி இரண்டுக்கும் நகல் அனுப்புகிறோம்.

பரிந்துரைப்பேனா என்று கேட்டால், பத்துச் சேவைக்குள் இருந்தால் மாட்டேன். போன வருடம் எட்டுச் சேவைகளுக்கு ஒரு சின்ன ஏற்பாடு தனியாகச் செய்தேன். அதில் எட்சிடி இல்லை, டிரேஃபிக் ஒரு யாமல் கான்ஃபிக் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.